‘ஊர்’ என்றால் யார்? மீனாட்சிபுரமும் ‘மக்கள்’ என்னும் சொல்லும்

ஆனி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிவிட்டால் தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கிவிடும். வெயிலும் தூறலும் மாறி மாறி வர, குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி எங்கும் கூட்டம் நிற்கும். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சில குடும்பங்கள் ஆண்டுதோறும் ஒரு வேன் பிடித்துச் சென்று குளித்துவிட்டு, செங்கோட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவது வழக்கம். சென்ற சாரலில் அப்படித் திரும்பும்போது, வண்டியில் இருந்த பெரியவர் ஒருவர் வெளியே கைகாட்டி, “ரஹ்மத் நகர் இந்தப் பக்கந்தான்” என்றார். கைப்பேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த பையன், “இதுல மீனாட்சிபுரம்னுல்லா போட்டிருக்கு, பெரியவாப்பா?” என்றான். “ரெண்டும் ஒரே ஊருதான்” என்று சொல்லிவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஓர் ஊருக்கு ஏன் இரண்டு பெயர் என்று அந்தப் பையனுக்கு விளக்கியிருக்கலாம். வண்டியில் இருந்த எவருமே முழுதாக விளக்கக்கூடியவர்களாக இல்லை என்பதுதான் உண்மை. நமது பகுதியில் நடந்து, இந்திய அரசியலின் போக்கையே அசைத்த ஒரு நிகழ்வை நாமே பாதிதான் அறிந்து வைத்திருக்கிறோம். அந்த மறுபாதியைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

1981 பிப்ரவரி 19. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில், தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 180 குடும்பங்கள் ஒரே நாளில் கலிமா மொழிந்து இஸ்லாத்தைத் தழுவின. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயரிட்டனர். ‘ரஹ்மத்’ என்றால் அருள். சில வாரங்களில் செய்தி டெல்லியை எட்டியது. நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. அமைச்சர்களும் கட்சித் தலைவர்களும் வரிசையாக வந்தார்கள். அன்றைய பாரதிய ஜனதா தலைவர் வாஜ்பாயியும் நேரில் வந்து பார்த்தார். வளைகுடா நாட்டுப் பணம் வந்து இறங்கியது என்று பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டில் கரண் சிங் தலைமையில் விராட் இந்து சமாஜம் தோன்றி டெல்லியில் பெரும் பேரணி நடத்தியது. ஓரளவு ஓய்ந்திருந்த விசுவ இந்து பரிஷத் புத்துயிர் பெற்று, 1983இல் நாடு தழுவிய ஏகாத்மதா யாத்திரையை நடத்தியது. எண்பதுகளின் அரசியலை எழுதும் வரலாற்றாசிரியர்கள் பலரும் மீனாட்சிபுரத்தை ஒரு திருப்புமுனையாகவே குறிப்பிடுகிறார்கள்.

இவ்வளவு பேர் பேசிய அந்த நாட்களில், எல்லோர் வாயிலும் இருந்த சொல் ஒன்றுதான்: மக்கள். ‘அப்பாவி மக்கள் ஏமாற்றப்பட்டனர்’ என்றது ஒரு தரப்பு. ‘நாட்டு மக்கள் கொதிப்படைந்திருக்கிறார்கள்’ என்றது இன்னொரு தரப்பு. நம் தரப்பிலும் வெற்றிக்களிப்போடு தலைகளை எண்ணிச் சொன்னவர்கள் உண்டு. அந்த 180 குடும்பத்தாரும் ‘மக்கள்’ என்ற சொல்லால் சுட்டப்பட்டார்கள். ஆனால் பேசுபவர்களாக அல்ல, பேசப்படுபவர்களாக.

ஆங்கிலத்தில் ‘பாப்புலிசம்’ என்று வழங்கும் அரசியலைத் தமிழில் வெகுசனவாதம் என்றும், ஜனரஞ்சக அரசியல் என்றும் எழுதுகிறார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் இதைப் பற்றிப் பேசியும் எழுதியும் வருகிறார்கள். ஜெர்மானிய அறிஞர் யான்-வெர்னர் முல்லர் 2016இல் எழுதிய நூலில் இதற்கு ஓர் இலக்கணம் தருகிறார். மேட்டுக்குடியைத் திட்டுவதால் மட்டும் ஒருவர் வெகுசனவாதி ஆகிவிடுவதில்லை. ‘உண்மையான மக்களின் சார்பில் பேசும் தகுதி எனக்கு மட்டுமே உண்டு’ என்று உரிமை கொண்டாடுவதே அதன் அடையாளம் என்கிறார். அப்படி ஒருவர் உரிமை கொண்டாடும்போது, அவரை ஏற்காதவர்கள் மாற்றுக் கருத்துடைய குடிமக்கள் என்ற நிலையிலிருந்து இறங்கி, ‘மக்களே அல்லாதவர்கள்’ ஆகிவிடுகிறார்கள். துருக்கியில் எர்டோகான் தம்மை விமர்சித்தவர்களை நோக்கி, மக்கள் நாங்கள்தாம், நீங்கள் யார் என்னும் பொருள்படக் கேட்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார். முஸ்லிம் தலைவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் காட்டியதில் நமக்கு மனத்தாங்கல் ஏற்படலாம். ஆயினும் எடுத்துக்காட்டு பொருத்தமானது என்பதை மறுக்க முடியாது.

முல்லர் ஐரோப்பாவின் கசந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறார். அர்ஜென்டினாவில் பிறந்த எர்னெஸ்டோ லக்லாவ் வேறு மண்ணிலிருந்து வேறு மாதிரி பார்த்தார். 2005இல் வெளிவந்த அவரது நூலின் சாரம் இது: ‘மக்கள்’ என்போர் எங்கும் ஆயத்தமாக இருப்பதில்லை. ஒருவருக்குத் தண்ணீர் இல்லை. இன்னொருவருக்குக் கூலி இல்லை. மற்றொருவருக்கு மரியாதை இல்லை. நிறைவேறாத இக்கோரிக்கைகள் ஒரு பொதுப் பெயரின் கீழ் ஒன்றோடொன்று கோக்கப்படும்போதுதான் ‘மக்கள்’ உருவாகிறார்கள். ஆகவே வெகுசனவாதம் ஜனநாயகத்தின் நோய் என்று தள்ளிவிட முடியாது. ஒதுக்கப்பட்டவர்கள் அரசியலுக்குள் நுழையும் வாசலும் அதுவே என்பது அவர் வாதம். நமக்கோ இருவரும் பாதி பாதி சரி என்றே படுகிறது. இருவரிடமும் இல்லாத ஒன்று நம் மொழியில் இருக்கிறது.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. கேட்பவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் இந்த வேறுபாட்டுக்குத் தனிச்சொற்கள் இல்லை; அரபியில் ‘நஹ்னு’ ஒன்றே இரண்டுக்கும். நமது அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை தமிழில் ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்குகிறது. ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தால் படிக்கிறவன் வெளியாள் ஆகியிருப்பான். ‘நாங்களே மக்கள்’ என்று முழங்குகிற வெகுசனவாதியின் தந்திரத்தைப் பிடிக்க ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஒரு நூல் வேண்டியிருந்தது. தமிழில் அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

‘மக்கள்’ என்ற சொல்லுக்கும் நம்மிடம் இரட்டைப் பொருள். மாந்தர் என்பது ஒன்று. பிள்ளைகள் என்பது மற்றொன்று. மக்கட்பேறு என்பதில் இருப்பது இரண்டாவது பொருள். தமிழக அரசியலில் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலந்தே ஓடிவந்திருக்கின்றன. திராவிடக் கட்சிகளைப் பற்றி 1999இல் விரிவான நூல் எழுதிய நரேந்திர சுப்பிரமணியன், இங்கே இருவகை வெகுசனவாதம் இருந்ததாகப் பிரித்துக் காட்டுகிறார். உரிமையைக் கேட்டுப் பெறத் தூண்டும் வகை ஒன்று. அதைத் தொடக்ககால தி.மு.க.வில் காண்கிறார். தகப்பன் பிள்ளைகளுக்குத் தருவதுபோல் தலைவர் தரும் வகை மற்றொன்று; அதை எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வில் காண்கிறார். ‘மக்கள் திலகம்’ என்ற பட்டத்தைக் கேட்கும்போது நமக்கு இவ்விரண்டாம் பொருளே நினைவுக்கு வருகிறது. அந்த அரசியல் இங்கே பன்மையை அழித்துவிடவில்லை, மாறாகப் பலவகைச் சமூகங்களுக்கு இடமளித்தது என்பதும் அவருடைய முடிவு. நம் சமுதாயத்தின் அனுபவமும் பெரும்பாலும் அதுவே. 1967இல் தி.மு.க. அணியில் காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக் இருந்தது. ‘தமிழர்’ என்ற சொல்லுக்குள் நாமும் இருந்தோம்.

எனினும் ‘தமிழர்’ என்ற அந்தப் பரந்த சொல்லும் மீனாட்சிபுரத்தின் தெருவரை வந்து சேரவில்லை. அங்கே ஆண்டது வேறொரு சொல்: ஊர்.

நெல்லைச் சீமையில் ‘ஊர்’ என்பது வெறும் இடப்பெயர் அன்று. ஊர்க்கூட்டம், ஊர்க்கட்டுப்பாடு, ஊர் வரி, ஊர்ப் பொது என்றெல்லாம் சொல்லும்போது அது ஓர் அரசியல் உடல். அந்த உடலுக்கு வெளியே, வயலைத் தாண்டியோ ஓடையைத் தாண்டியோ சேரி இருக்கும். பிற்காலத்தில் அதற்குக் காலனி என்று பெயர் வந்தது. சேரியில் இருப்பவரும் அதே கிராமத்தின் வாக்காளர்தான். அதே வயலில் உழைப்பவர்தான். ஆனால் ‘ஊர் முடிவு செய்தது’ என்று சொல்லும்போது அந்த ஊரில் அவர் இல்லை. எந்த அரசியல் தத்துவ நூலும் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, ‘உண்மையான மக்கள்’ யார், யார் அல்லர் என்று இந்த இரண்டெழுத்துச் சொல் தீர்ப்பளித்திருந்தது. தேநீர்க் கடைத் தனிக்குவளையும், செருப்பைக் கையில் ஏந்தி நடக்கும் தெருவும் அந்தத் தீர்ப்பின் நிறைவேற்றமே.

சமூகவியலாளர் மும்தாஜ் அலி கான் மீனாட்சிபுரத்தை நேரில் ஆராய்ந்து 1983இல் நூலாக வெளியிட்டார். அப்துல் மாலிக் முஜாஹித் 1989இல் வெளியிட்ட ஆய்வு, மதமாற்றத்தைத் தீண்டப்படாதோரின் எதிர்ப்பு உத்தியாகவே காண்கிறது. இவ்வாய்வுகள் முன்வைக்கும் காரணங்களில் முதன்மையானது சாதி இழிவும், அதனோடு சேர்ந்து வந்த காவல்துறைத் தொல்லையும்தான். இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். மதம் மாறியவர்கள் வட்டாரத்திலேயே மிக வறியவர்கள் அல்லர். அவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள், அரசு ஊழியர்கள் இருந்தார்கள். மாற வேண்டும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாகவே அவர்களிடையே இருந்து வந்தது. காசுக்கு விலைபோனவர்கள் என்ற குற்றச்சாட்டை இது பெரிதும் தளர்த்திவிடுகிறது. வயிற்றுக்கு வழி இருந்தும் தலைநிமிர வழியில்லாதவன் தேடிய வழி அது. பெரியார் 1930களிலும் 1940களிலும் இதே யோசனையைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிவந்தார் என்பதையும், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மீனாட்சிபுரம் வானத்திலிருந்து விழுந்த அதிசயம் அல்ல என்று புரியும்.

அவர்கள் முடிவெடுக்கத் தகுதியற்ற குழந்தைகள் என்ற எண்ணம் மட்டும் எல்லாத் தரப்பிலும் நீடித்தது. இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு அது சட்டமாகவே வந்தது. 2002 அக்டோபர் 5இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது; பின்னர் பேரவையில் அது நிறைவேறியது. கட்டாயத்தாலோ ஆசைகாட்டியோ மதம் மாற்றினால் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு, ஒரு லட்சம். அந்த வரிசையை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பட்டம் பெற்ற ஆசிரியராக இருந்தாலும், பட்டியல் சாதியில் பிறந்துவிட்டால், தம் ஈமானைத் தாமே தேர்ந்துகொள்ளும் பக்குவத்தில் சட்டத்தின் கண்ணுக்கு அவர் சிறுவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார்; எல்லாச் சாதிப் பெண்களும் அப்படியே. ‘மக்கள்’ என்றால் பிள்ளைகள் என்ற பொருள் இங்கே முழுமையடைந்துவிட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் தோற்றபின் அதே அரசு அச்சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

இதுவரை சொன்னவை பிறரைப் பற்றியவை. இஸ்லாமிய வரலாற்றின் பக்கம் திரும்பினால் அது நமக்கும் ஆறுதல் மட்டுமே தருவதாக இல்லை.

தொடக்கம் ஒளிமிக்கது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபின் ஏற்படுத்திய உடன்படிக்கையில், அந்நகரின் யூதக் குலத்தாரும் அவர்களது மார்க்கத்தில் இருந்துகொண்டே நம்பிக்கையாளர்களோடு சேர்ந்த ஒரு சமுதாயமாகக் குறிப்பிடப்பட்டனர். ‘உம்மத்’ என்ற சொல்லின் எல்லை அங்கே அவ்வளவு அகலமாக இருந்தது. கலீஃபாப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் முதல் உரையில், தாம் மற்றவரினும் சிறந்தவர் அல்லர் என்றும், பிழை செய்தால் தம்மைத் திருத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படிக்கிறார்கள். ‘மக்களின் குரல் நான் மட்டுமே’ என்று சொல்பவரின் வாயில் இந்தச் சொற்கள் வரவே வராது.

அடுத்த நூற்றாண்டிலேயே நிலைமை மாறியது. உமையாக்கள் ஆட்சியில் ஈரானியர், அராமியர், காப்டியர் எனப் பலரும் இஸ்லாத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு ‘மவாலி’ என்று பெயர். ஏதாவதோர் அரபுக் குலத்தின் சார்பாளராக ஒட்டிக்கொண்டால்தான் சமுதாயத்தில் இடம். கலிமா சொன்ன பிறகும் பலரிடமிருந்து ஜிஸ்யா வரி வாங்கப்பட்டது. வரி குறைகிறது என்பதற்காக, இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ், நகரங்களுக்கு வந்த புதிய முஸ்லிம்களைக் கிராமங்களுக்கே திருப்பி விரட்டினார். கி.பி. 717 முதல் 720 வரை ஆண்ட உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களே, நபியவர்கள் வழிகாட்டியாக அனுப்பப்பட்டார்களேயன்றி வரி தண்டுபவராக அல்ல என்ற கருத்தை வலியுறுத்தி அந்த வரியை நிறுத்த ஆணையிட்டார். மூன்றாண்டு கூட அவர் ஆளவில்லை. தொழுகையில் ஒரே வரிசை, பதிவேட்டில் வேறு வரிசை என்ற நிலை அவருக்குப் பின் மீண்டும் தலைதூக்கியது.

இந்தக் கசப்பிலிருந்து பிறந்ததுதான் ‘ஷுஊபிய்யா’ இயக்கம். மனிதரைச் சமூகங்களாகவும் (ஷுஊப்) குலங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று சொல்லும் 49:13ஆம் வசனத்திலிருந்தே தங்கள் பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரபியரும் அரபியர் அல்லாதாரும் சமம் என்பது அவர்களின் தொடக்கக் கோரிக்கை. லக்லாவ் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பாரசீக எழுத்தர்கள் கையில் அது வளர்ந்தபோது, அரபியரை ஓணான் தின்னும் பாலைவனத்தார் என்று எள்ளுவதில் போய் நின்றது. ஜாஹிஸும் இப்னு குதைபாவும் அதை எதிர்த்து எழுதினார்கள். சமத்துவம் கேட்டுத் தொடங்கிய குரல், தன் முறை வந்தபோது ‘நாங்களே மேல்’ என்று முடிந்தது. அங்கே முல்லர் மகிழ்ந்திருக்கமாட்டார். ஆனால் வியந்திருக்கவும் மாட்டார்.

பத்தாம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர் ஃபாராபியையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். அவர் ஜனநாயகவாதி அல்லர். அறிவும் நற்குணமும் உடையவர் தலைமையேற்கும் நகரமே அவருடைய இலட்சியம். ஆயினும் குறைபாடுடைய நகரங்களை வகைப்படுத்தும்போது, எல்லாரும் தம் விருப்பப்படி வாழும் நகரத்தைப் பல வண்ணப் பூவேலை செய்த ஆடைக்கு ஒப்பிட்டார். பலவகை மனிதரும் வந்து தங்குவதால், நல்லோரும் அறிஞரும் தோன்றும் வாய்ப்பு அங்கேதான் அதிகம் என்றும் ஒப்புக்கொண்டார். ஒரே குரலில் பேசும் நகரத்துக்கு அந்தப் பாராட்டு அவரிடமிருந்து கிடைக்கவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 1896இல் திருநெல்வேலியில் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப், அரசமைப்பு அவையில் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி முறை வேண்டும் என்று 1949 மே மாதம் வாதாடினார். ஒரு சமுதாயத்தின் மனத்தை அச்சமுதாயத்தவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவரே வெளியிட முடியும் என்பது அவர் நிலை. அதே அவையில் பேகம் ஐஜாஸ் ரசூல், அது சிறுபான்மையினரையே தனிமைப்படுத்தி அழிக்கும் ஆயுதம் என்று எதிர்த்தார். இருவரும் முஸ்லிம்கள், இருவரும் நேர்மையானவர்கள். ‘முஸ்லிம் மக்களின் குரல்’ என்று ஒன்றே ஒன்று அன்றும் இருக்கவில்லை. படேல் தரப்பு வென்றது. காயிதே மில்லத் தோற்றார். தோற்ற பின் அவர் அவையை விட்டோ நாட்டை விட்டோ போகவில்லை. பிற்காலத்தில் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி, தமிழரான அவரை 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்கு அனுப்பியது. ‘மக்கள் என்னோடுதான்’ என்று சொல்லிக்கொள்ள அவரைவிடத் தகுதி பெற்றவர் அன்று சிலரே; அவர் பேச்சு அப்படி இருந்ததில்லை.

பிரதிநிதித்துவம் பற்றிய அந்தப் பழைய வாதம் தென்காசியில் இன்று ஒரு விசித்திரமான உருவில் நிற்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். முஸ்லிமும் கிறிஸ்தவரும் இன்றுவரை வெளியே. தென்காசி மக்களவைத் தொகுதியோ பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதிகளும் அப்படியே. ஆக, 1981 பிப்ரவரி 18 அன்று தம் தொகுதியில் மக்களவைக்குப் போட்டியிடத் தகுதி பெற்றிருந்த மீனாட்சிபுரத்து மனிதர், மறுநாள் கலிமா சொன்னதும் அந்தத் தகுதியை இழந்தார். வாக்களிக்கலாம், நிற்க முடியாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் அவர் உடன்பிறந்தவர் மாறாமல் இருந்தால் அவர் நிற்கலாம். வளைகுடாப் பணம் பற்றிப் பேசிய அத்தனை பேரில், மாறியவர்கள் எதை இழந்தார்கள் என்று கணக்குப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. மதத்தையும் பட்டியல் தகுதியையும் பிரித்துவிட வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அது கிடப்பில் இருக்க, இதே கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

அரசு ஓர் ஏட்டில் அவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. நம் ஏடுகளில் எப்படி?

நம் ஊர்களில் ‘ஊர் ஜமாஅத்’ என்கிறோம். பள்ளிவாசல், மையவாடி, நிக்காஹ் பதிவேடு, சந்தா நோட்டு எல்லாம் அதன் பொறுப்பில். யார் வரி கட்டுகிறாரோ அவர் ‘ஊர்க்காரர்’, மற்றவர் ‘வந்தவர்’. அந்த ‘ஊர்’ என்ற சொல்லை நாம் அரபியிலிருந்து கொண்டுவரவில்லை. சேரியை வெளியே வைத்த அதே மண்ணிலிருந்துதான் எடுத்துக்கொண்டோம். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பதில் நமக்குத் தடுமாற்றமே இல்லை. அதை மனமாரச் சொல்லலாம். தட்டுப்படுவதெல்லாம் பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும், நிர்வாகக் குழுவுக்குப் பெயர் எழுதுவதிலும்தான். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் ஒரு குடும்பத்தை ‘மார்க்கத்துக்கு வந்தவங்க’ என்று குறிப்பிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேரன் பேத்தி எடுத்தவர் எப்போது ‘வந்து’ முடிப்பார் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. நம் எல்லாருடைய முன்னோரும் ஏதோவொரு வெள்ளிக்கிழமையில் வந்தவர்கள்தாம். அந்த வெள்ளிக்கிழமை மறந்துபோனது என்பதே வேறுபாடு.

அண்மையில் எங்கள் மஹல்லாவில் ஒரு சம்பந்தப் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை பொறியியல் படித்தவர், ஐவேளைத் தொழுகையாளி, வெளிநாட்டில் வேலை. பெண் வீட்டுக்கு எல்லாம் பிடித்திருந்தது. தேநீர் வந்தது. பெண்ணின் மாமா ஒருவர் இயல்பாகக் கேட்பதுபோல, “பூர்வீகம் எந்த ஊரு, மச்சான்?” என்று மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கேட்டார். அவர் ஊர்ப்பெயரைச் சொன்னார். “ஓ, அந்தப் பக்கமா” என்றார் மாமா. பிறகு கொஞ்ச நேரம் குற்றாலத்தில் இந்த வருடம் தண்ணீர் எப்படி விழுகிறது என்ற பேச்சு நடந்தது. வீட்டுக்குப் போய்க் கலந்துபேசித் தகவல் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அந்த அவையில் இருந்த எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தகவல் இன்னும் போகவில்லை.